பன்னிரண்டு எம்.எம். தகடு

போன் அலறியது!

விசாரணை அறைக் கதவில் கை வைத்த வெல்டர், சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார்.

"யாரு?"

"அந்தக் கப்பல்ல நீ வேலை பார்த்தது எனக்குத் தெரியும்..." கர்ச்சீப் போட்டு மூடிய குரல். "ஒழுங்கா கையெழுத்துப் போடு. இல்ல... நாறடிச்சிடுவேன்!"

தொடர்பு அறுந்தது.

வெல்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளினார்.

வெள்ளோட்டத்திலேயே கவிழ்ந்த போர்க்கப்பல். பத்தொன்பது பிணங்கள். வடிவமைப்பில் கோளாறா, கட்டியதில் கோளாறா என்று பார்க்க மூன்று பேர் குழு. நீதிபதியம்மா, ஒரு நிபுணர், தொழிலாளர் தரப்பில் வெல்டர். கப்பலோடும் கட்டிய கம்பெனியோடும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று மூவரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வெல்டர் எழுதியது பொய்!

உள்ளே நிபுணரின் அறிக்கை காத்திருந்தது. 'வடிவமைப்பிலும் குறையில்லை, கட்டியதிலும் குறையில்லை.' மூன்று கையெழுத்து விழுந்தால் போதும்... அதே கம்பெனி அதே அச்சில் கட்டிய இரண்டாவது கப்பல் திங்கட்கிழமை கடலில் இறங்கும்.

இருநூறு பேரோடு!

"போடுங்க பெரியவரே." நிபுணர் பேனாவை நீட்டினார். "கணக்கெல்லாம் நான் பார்த்தாச்சு."

"மேல்தளத் தகடு எத்தனை எம்.எம்.னு போட்டிருக்கீங்க சார்?"

"ஆறு. வரைபடத்துல இருக்கே."

"கப்பல்ல அடிச்சது பன்னெண்டு. தலைக்கனம் ஏறினா மனுஷனே குப்புற விழுவான்... கப்பல் விழாதா?"

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெல்டர் பேனாவை ஒதுக்கித் தள்ளினார்.

"நான் சொல்றேன் மேடம்!" நிபுணர் துள்ளி எழுந்தார். "இந்த ஆளு அந்தக் கப்பல்ல மூணு வாரம் வேலை பார்த்தவன்! மறைச்சுட்டு வந்து உக்காந்திருக்கான். நடுநிலையாம் நடுநிலை!"

"நிஜமா?"

"நிஜம்தாம்மா. அந்தத் தகட்டைப் பத்தவெச்சது இந்தக் கை. அவங்க செத்ததுலேருந்து சோறு இறங்கல. சொல்லியிருந்தா உள்ளே விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன். இப்பவும் மாட்டேன். எழுந்திரிங்க."

வெல்டர் எழுந்தார். நிபுணரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு...

கதவுவரை போனவர் திரும்பினார்.

"ஒரு சந்தேகம்மா. நான் அங்கே தினக்கூலி. அடையாள அட்டை கிடையாது. பதிவேட்டுல பேரு கிடையாது. மேல்தளத்துல தனி ஆளு. என்னை உள்ளே கூட்டிட்டுப் போன கம்பெனி மேனேஜரைத் தவிர ஈ காக்காய்க்குத் தெரியாது. கம்பெனியில யாரையுமே தெரியாதுன்னு எழுதிக் குடுத்த சாருக்கு... இதை யாரு சொன்னது?"



நிபுணருக்குப் பேயறைந்த முகம். "அது... யாரோ..."

"உங்க போனை மேஜைமேல வைங்க," என்றார் நீதிபதியம்மா.

நிபுணர் வைத்தார்.

"ரெண்டு பேருமே குழுவுல இல்ல. ரெண்டாவது கப்பல் நகரக் கூடாதுன்னு இப்பவே எழுதறேன்." வெல்டர் பக்கம் திரும்பினார். "நாற்காலி போச்சு. ஆனா முதல் சாட்சி நீங்கதான். நாள் முழுக்கக் கூண்டுல நின்னு பதில் சொல்லணும். முடியுமா?"

"கவலைப்படாதீங்கம்மா. நான் பத்தவெச்ச கப்பல்தான் நிக்கல... நான் நிப்பேன்!"