ஊர் கேட்ட டீச்சர்

"ஐ ஆம் கமிங் ஃப்ரம்... ஐ ஆம் கமிங் ஃப்ரம்..."

மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பார்த்து ஒருவன் மந்திரம் போல் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வெளியே கொட்டும் மழை. குடையை மடக்கியபடி ஏறிவந்த அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. முதல் மாடியில் அவள் அப்பா நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அவள்தான் டீச்சர். பேங்க் மேனேஜரையே பேச்சை நிறுத்தித் திருத்தியவள்!

"தப்புங்க. அப்படிச் சொன்னா இப்பதான் அங்கிருந்து வந்து எறங்குறீங்கன்னு அர்த்தம். சொந்த ஊரைச் சொல்லணும்னா, ஐ கம் ஃப்ரம்..."

அவன் திரும்பினான். அம்மாடி... என்ன கண்கள்! நனைந்த இமைகளோடு அவன் முறைத்த முறைப்பில் அவளுக்குப் பாடமே மறந்துபோனது.

"நான் உங்ககிட்டக் கேட்டேனா?"

"கேக்கல. ஆனா மேல ரெண்டாவது மாடி பாலம் கம்பெனி இன்டர்வியூல கேப்பாங்களே! எந்த ஊரு நீங்க?"

முறைப்பு இறங்கிவிட்டது. "அங்கதாங்க மாட்டிக்கிறேன். அப்பாவுக்குப் பாலம் கட்டுற வேலை. நானும் அதே வேலைதான். பாலம் எங்கயோ, அங்கதான் வீடு. ஊருன்னு நான் எதைச் சொல்ல?"

டீச்சர் குடையைப் படியில் ஊன்றினாள்.

"ஊர்தான் சொல்லணும்னு சட்டமா? ஐ கம் ஃப்ரம் எ ஃபேமிலி ஆஃப் பிரிட்ஜ் பில்டர்ஸ்... நிமிர்ந்து நின்னு சொல்லுங்க!"

இன்டர்வியூவில் அப்படியே சொன்னான். அந்த ஊர் ஆற்றின் மேல் எழும்பிக்கொண்டிருந்த பாலத்துக்கே சூப்பர்வைசர் ஆனான். மறுநாளே வகுப்பிலும் சேர்ந்தான். போர்டைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். அவள் மட்டும் என்னவாம்... இவன் தப்பு விட்டால்தானே பக்கத்தில் போய் நிற்கலாம் என்று காத்திருந்தாள்!

மாதங்கள் போனது தெரியவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் காதுபடவே சொன்னார்:

"ஊர் இல்லாதவனைப் பத்தி யார்கிட்டப் போய் விசாரிக்கிறது?"

அதோடு அவன் வகுப்புக்கு வரவில்லை. ரோஷக்காரன்! அவளுக்கும் ரோஷம் இருந்தது. வராதவனை நான் எதுக்குத் தேடணும் என்று வீம்பாகவே இருந்தாள். பாலம் முடியப்போகிறது என்று கேள்விப்பட்டதும் வீம்பெல்லாம் பறந்துபோனது.

தூறலில் நனைந்தபடி பாலத்துக்கே போய் நின்றாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"இங்க எதுக்கு வந்தீங்க டீச்சர்? இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் அடுத்த பாலத்துக்குக் கெளம்பிடுவேன்."

"கெளம்புறதுல அவ்வளவு சந்தோஷமா?"

"எப்பவும் சந்தோஷமாத்தான் பெட்டி கட்டுவேன்... இந்தத் தடவைதான், பாலம் முடியவே கூடாதுன்னு இருக்கு. எல்லாம் உங்களாலதான்."

அவள் கண்கள் நிறைந்தன. குரல் மட்டும் வகுப்பில் ஒலிப்பதுபோலவே கணீரென்று வந்தது.

"அப்பாகிட்டச் சொல்லிட்டேன். விசாரிக்கணும்னா என்னைக் கேளுங்க, அவரை எனக்குத் தெரியும்னு."

"அவர்... என்ன சொன்னார்?"

"ஞாயித்துக்கிழமை உங்களை வீட்டுக்கு வரச் சொன்னார். பயப்படாம வாங்க. அப்புறம்... அடுத்த பாலத்துக்குப் பெட்டி கட்டும்போது, என் துணிமணிக்கும் இடம் வைங்க."