பையில் இடமில்லாத லீவர்

பின்டயரில் காற்று இல்லை. புல்லட் ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது. அதை ஓட்டி வந்தவன் நாற்பதடிப் பள்ளத்தில் பாறைமேல் குப்புறக் கிடந்தான்.

1978 ஐப்பசி, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. போடிமெட்டு மலைச்சாலையில் தண்ணிப்பாறை வளைவு. ஏலக்காய்ப் பறிப்புக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பு டிரைவர் மொக்கச்சாமிதான் பனிமூட்டத்துக்குள் வண்டியை அடையாளம் கண்டு இறங்கினான். எட்டிப் பார்த்தவன் பறிப்புக்காரப் பெண்களை அங்கேயே இறக்கிவிட்டு, முந்தல் செக்போஸ்ட்டுக்கு ஜீப்பைத் திருப்பினான். செத்துக் கிடந்தவன் சத்தியநேசன். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஜெயபாக்கியத்தம்மாளின் இளைய மகன்.

சப்-இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி வந்து சேரும்போது உச்சிப்பொழுது. அவருக்குக் குடல்புண். மலை ஏறினால் வயிறு எரியும், வயிறு எரிந்தால் யார் சொல்வதையும் நம்ப மாட்டார். அதனாலேயே நல்ல போலீஸ்காரர் என்று பேர் வாங்கியிருந்தார். நல்ல மனுஷன் என்று யாரும் சொன்னதில்லை.

“பஞ்சரு சார்,” என்றார் ஏட்டு திருப்பதி. “டயரக் கழட்ட உக்காந்திருக்கான். பனியில ஓரம் தெரியல. பின்னால கால வச்சான், போயிட்டான். எழுதிரலாமா?”

“உமக்குச் சாப்பாட்டு நேரம் வந்துருச்சுன்னு சொல்லும்.”

பள்ளத்தில் கிடந்தவனுக்கு நெற்றி பாறையில் மோதிப் பிளந்திருந்தது. பின்னந்தலையிலும் ஒரு காயம். குப்புற விழுந்தவனுக்குப் பின்னந்தலையில் என்ன காயம் என்று உக்கிரபாண்டி கேட்டார். உருளும்போது பட்டிருக்கும் என்றார் ஏட்டு. இருக்கலாம்.

வண்டிக்கு அடியில் ஒரு காக்கித் துணிச் சுருள் விரித்துப் போட்டிருந்தது. அதில் வரிசையாகப் பைகள் தைத்திருந்தன. ஒவ்வொரு பையிலும் அதனதன் அளவுக்கு ஒரு சாமான்: பிளக் ஸ்பேனர், ரிங் ஸ்பேனர்கள், திருப்புளி, கட்டிங் பிளேயர், செயின் லாக், சுருட்டி வைத்த கிளட்ச் ஒயர். எந்தப் பையும் காலியாக இல்லை. துணிக்கு வெளியே, தரையில், டயரை நெம்பி எடுக்கும் லீவர் இரண்டு கிடந்தன.

“ஒட்டுற ரப்பர் எங்கே? சொல்யூஷன் எங்கே? காத்தடிக்கிற பம்பு எங்கேய்யா?”

ஏட்டு குனிந்து தேடினார். இல்லை.

“கரண்டி இருக்கு, சட்டியக் காணோம். என்னத்தக் கிண்ட உக்காந்தான்?”

லீவர்களில் ஒன்றின் முனையில் மட்டும் எறும்பு மொய்த்திருந்தது. ஏட்டு அதை எடுத்து உதறப் போனார்.

“உதறாதீரும். அப்படியே பேப்பர்ல சுத்தும். எறும்பும் சாட்சி சொல்லட்டும்.”

மாலை நான்கு மணிக்கு, சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில் ஜெயபாக்கியத்தம்மாள் அவர் ஜீப்பை மறித்துக்கொண்டாள். அழவில்லை. அழுகையெல்லாம் கோபமாகத் திரண்டிருந்தது.

“அய்யா, எம்பிள்ள தவறி விழற பிள்ள இல்ல. மொட்ட மாடியில நின்னாலே செவுத்தப் புடிச்சுக்குவான். ஓரத்துக்குப் போகவே மாட்டான். யாரோ தள்ளியிருக்காங்க. யாருன்னு சொல்லுங்க. சொல்லாம அவனக் குழியில எறக்க விட மாட்டேன்.”

“அம்மா, விடுங்க. ஆண்டவர் சித்தம்,” என்றான் பின்னால் நின்ற மூத்தவன் ஐசக்.

“நீ சும்மா இரு. நான் பெத்தவ. எனக்குத் தெரியணும்.”

அந்த வீட்டுக் கதை போடியில் எல்லாருக்கும் தெரியும். தகப்பன் இறந்த மறுமாதமே அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஆறு வருஷம். வெட்டிக்கொண்டு பிரிந்திருந்தாலாவது ஒரு வழி பிறந்திருக்கும். நம் ஊரில் அப்படிச் செய்வதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு ஒரே சட்டிச் சோற்றைத் தின்பார்கள். தகப்பன் விட்டுப்போன புல்லட்டும் பொதுதான். திங்கள் முதல் புதன் வரை அண்ணனுக்கு, வியாழன் முதல் சனி வரை தம்பிக்கு, ஞாயிறு சர்ச்சு. ஒருவனிடம் சொல்ல வேண்டியதை மற்றவன் தாயிடம் சொல்வான், அவள் போய்ச் சொல்ல வேண்டும். பெண் கொடுக்க வந்தவர்களும் இதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வீட்டில் அந்த மூன்று பேர்தான்.

சனிக்கிழமை காலை, பின்சக்கரத்தின் டியூபை எடுத்துக்கொண்டு உக்கிரபாண்டி அமாவாசையின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அமாவாசை டியூபுக்குக் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிச் சுற்றினான். ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

“பஞ்சரே இல்ல சார். வால்வ அமுக்கிக் காத்தப் புடுங்கிவிட்டிருக்காங்க.”

விபத்து அத்தோடு முடிந்தது. உக்கிரபாண்டி காக்கிச் சுருளை மேஜைமேல் விரித்தார். அதைப் பார்த்ததும் அமாவாசைக்குக் கண் கலங்கிவிட்டது.

“வியாழக்கெழம மத்தியானம் பூரா இங்கதான் சார் உக்காந்திருந்தாரு. பழைய சாமான் மூட்டையக் கொட்டி, ஒவ்வொண்ணா எடுத்து, ‘அமாவாசண்ணே, இது மலையில எனக்கு ஒதவுமா?’ன்னு கேட்டாரு. ஒதவும்னா வலது பக்கம், ஒதவாதுன்னா இடது பக்கம். சுத்தியலு, பெரிய பைப்பு ஸ்பேனரு எல்லாம் போச்சு. மூட்டையாச் சொமந்துட்டு, வேணுங்கிற நேரம் ஒண்ணும் கையில அம்புட மாட்டேங்குதுன்னாரு. டெயிலர்ட்டக் குடுத்து அளவெடுத்துப் பை தச்சாரு. புதுப்பொண்ணுக்குப் பாக்கிற மாதிரி பாத்தாரு சார்.”

“லீவரு?”

“அதத்தான் மொதல்ல ஒதுக்கினாரு. நீட்டமா இருக்கு, கிளட்ச் ஒயருக்கு எடம் பத்தல. நான் அத ஒதுக்க வேணாம்னேன். அதுக்கு அவரு, ‘பஞ்சரானா சக்கரத்த ஜீப்புல ஏத்தி முந்தல்ல ஒட்டிக்கிருவேன். ஒயர் அந்துட்டா எந்த ஜீப்புக்காரன் குடுப்பான்?’னாரு. சரியாத்தான பட்டுச்சு? ரப்பரு, பம்பு எல்லாம் இங்கயே கெடக்கு. லீவர மட்டும் அண்ணன் கேப்பாருன்னு வீட்டுக்குக் கொண்டு போனாரு.”

வேண்டாம் என்று ஒதுக்கி வீட்டில் வைத்த சாமான், மறுநாள் மலைமேல் அவன் வண்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உக்கிரபாண்டிக்கு வயிறு எரிந்தது.

அடுத்து மொக்கச்சாமி. வெள்ளிக்கிழமை முதல் லோடு ஏற்றும்போது முந்தல் தாண்டி யாரையாவது இறக்கினாயா?

“ஒரு ஆள எறக்கினேன் சார். சாக்குக் கொங்காணியத் தலையோட போட்டிருந்தான். கூலி ஆளுன்னு நெனச்சேன். தூத்தல்ல எல்லாரும் அப்படித்தான வர்றாங்க? மூஞ்சி பாக்கல.”

“கோர்ட்டுல அடையாளம் காட்டுவியா?”

“பாக்காததப் பாத்தேன்னு எப்படி சார் சொல்ல?”

மாலை மூன்று மணி. ஜெயபாக்கியத்தம்மாள் வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. ஐந்து மணிக்கு அடக்கம். வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உக்கிரபாண்டி கதவைச் சாத்தினார். உள்ளே தாயும் மூத்த மகனும் ஏட்டும் அவரும் மட்டும்.

“ஐசக்கு, நேத்துக் காலையில எங்க இருந்தீங்க?”

“கடைக்குப் பின்னால குடோன்ல. காயி தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“கூட யாரு?”

“தனியாத்தான்.”

அவர் தாயின் பக்கம் திரும்பினார். “அம்மா, சத்தியநேசன் நேத்து எப்பக் கெளம்பினாரு?”

“ஏழு மணி இருக்கும். ராசிங்காபுரம் போயி வேலி வெட்ட ஆளுக்குச் சொல்லிட்டு, ஒம்பது மணி போல மலையேறுறேன்னான். இவன் காதுல விழணும்னு சத்தமாச் சொன்னான். இன்னைக்கு எங்க தோட்டத்த அளந்து பங்கு பிரிக்க சர்வேயர் வர்றதா இருந்துச்சு.”

உக்கிரபாண்டி பேப்பரைப் பிரித்து லீவர்களை வைத்தார். “இது ஒங்க வீட்டுதா?”

“ஆமா. வியாழக்கெழம ராத்திரி அடுப்படி அலமாரியில வச்சான். ‘அண்ணன்ட்டச் சொல்லிருங்கம்மா, பையில எடமில்லன்னு வேணும்னேதான் எடுத்து வச்சேன், திங்கக்கெழம வேணும்னா மாட்டிக்கிறட்டும்’னான். அப்ப இவன் கடையிலருந்து வரல.”

“சொன்னீங்களா?”

“சொல்லல. இவங்களுக்கு நடுவுல தூது போயிப் போயி எனக்குச் சலிச்சுப் போச்சுய்யா. ஞாயித்துக்கெழம சொல்லிக்கிறலாம்னு இருந்துட்டேன்.” அவள் ஒரு லீவரைத் தொட்டுப் பார்த்தாள். “இந்தா, பிசுபிசுன்னு இருக்கே. கருப்பட்டிப் பாகு. டின்னு மூடி ஒட்டிக்கிருச்சு, இத வச்சுத்தான் நெம்புனேன்.”

“என்னைக்கு?”

“வியாழக்கெழம ராத்திரி,” என்றான் ஐசக்.

அவனை யாரும் கேட்கவில்லை. ஜெயபாக்கியத்தம்மாள் மெதுவாகத் திரும்பி மகன் முகத்தைப் பார்த்தாள்.

உக்கிரபாண்டி இருபது வருஷச் சர்வீஸில் எத்தனையோ பேரை ஏமாற்றி வாக்குமூலம் வாங்கியவர்தான். இவளை ஏமாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

“அம்மா, பதில் சொல்றதுக்கு முன்னால நான் சொல்றதக் கேளுங்க. பஞ்சர் ஆகல. பின்னந்தலையில அடிச்சு, பள்ளத்துல தூக்கிப் போட்டு, காத்தப் புடுங்கிவிட்டு, பஞ்சர் மாதிரி காட்டியிருக்காங்க. செஞ்சவன், தண்ணிப்பாறையில நின்னு இந்த வண்டி சூடாத்தும்னு தெரிஞ்சவன். அலமாரியில லீவரப் பாத்ததும், தம்பி மறந்து வச்சுட்டுப் போயிட்டான்னு நெனச்சிருக்கான். லீவர் இல்லாம பஞ்சர்னு சொன்னா எவன் நம்புவான்? அதனால கையோட எடுத்துப் போயி வண்டிக்கிட்ட போட்டுட்டான். மத்த சாமான் இருக்கும்னு நெனச்சு, சுருள விரிச்சுப் போட்டவன் ஒவ்வொண்ணாப் பாக்கல. வேணும்னே வச்சதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தா லீவரத் தொட்டிருக்கவே மாட்டான். நானும் விபத்துன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்.”

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்பக் கேக்கிறேன். மூடிய நெம்புனது வியாழக்கெழமன்னா, காலையில போகும்போது சத்தியநேசனே எடுத்துட்டுப் போயிருக்கலாம். கேஸ் நிக்காது. அவரு போன பெறகு, வெள்ளிக்கெழம காலையிலன்னா, லீவர் இந்த வீட்டுலருந்து மலைக்குப் போக ஒரே ஒரு வழிதான் இருக்கு. கொங்காணி போட்டவன் மூஞ்சிய யாரும் பாக்கல. ஒங்க வாய்ச் சொல்லத் தவிர எனக்கு வேற சாட்சி இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

ஒரு சொல் சொன்னால் மிச்சமிருக்கிற பிள்ளை தப்புவான். யாருன்னு சொல்லுங்க என்று மறித்து நின்று கேட்டவள் அவள்தான்.

“அம்மா,” என்றான் ஐசக்.

“சத்தியன் சீனி போட்டுத்தான் காபி குடிப்பான்,” என்றாள் அவள். “கருப்பட்டி இவனுக்கு மட்டுந்தான். வெள்ளிக்கெழம, வண்டி தெரு தாண்டின பெறகு, இவன் எந்திரிச்சு வந்து காபி கேட்டான். அப்பத்தான் நெம்புனேன். டம்ளர வாங்கிக்கிட்டு அலமாரிகிட்டயே நின்னு குடிச்சான்.”

ஐசக் சவப்பெட்டியைக் காட்டிப் பேசினான்.

“பதினாலு வருசம் அந்தக் காட்டுல அட்டைக்கு ரத்தம் குடுத்தேன். ஒவ்வொரு ஏலக்காய்த் தூரும் நான் வச்சது. இவன் சங்கிலியப் போட்டு அளந்து, தண்ணி ஓடுற பக்கம் தனக்குன்றான்.” அவன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “வளைவுல என்னப் பாத்தான். ஆறு வருசத்துல மொத வார்த்த பேசினான். ‘நனையாதண்ணே, ஏறிக்க, மேல விடுறேன்’னான். கல்லு அப்பவே எங்கையில இருந்துச்சு.”

ஜெயபாக்கியத்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். தூற்றல் ஓட்டுமேல் விழும் சத்தம் கேட்டது. ஏட்டு விலங்கை எடுத்தார்.

“சார்,” என்றான் ஐசக், “பெட்டியத் தூக்க எங்க வீட்டுல வேற ஆம்பள இல்ல. கல்லற வரைக்கும் தூக்கிட்டு வந்துர்றேன். அப்பறம் கூட்டிட்டுப் போங்க.”

உக்கிரபாண்டி தாயைப் பார்த்தார். சட்டத்தில் இடமில்லை என்று அவருக்குத் தெரியும். அவள் தலையசைத்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்.

“வேண்டாம்,” என்றாள் ஜெயபாக்கியத்தம்மாள். “நீ அவன ஒரு தடவ தூக்கினது போதும்.”

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். தெருவில் நின்றவர்களிடம், பெட்டி தூக்க நாலு பேர் வேண்டும் என்று கேட்டாள்.