வண்டி ஓடாத வாரம்

வண்டி ஓடாத மூன்றாம் நாள், மலைப்பாதையில் வைத்த கண்ணாடித் தகடுகள் எல்லாம் வைத்தது வைத்தபடி சுத்தமாக இருந்தன. செவ்வந்தியின் வீட்டுக்குள் வைத்த தகடு மட்டும் கறுத்துக் கிடந்தது.

இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸும் ஜீப்பும் நின்றுபோய், இறக்கத்தில் பிரேக் கருகி வீசும் அந்தக் காந்தல் வாசனை இல்லாமல் அடிவாரமே கழுவி விட்டதுபோல் இருந்தது. அந்த வாசனையைத் தேடித்தான் தீனதயாளன் சார் பட்டணத்துக் காலேஜிலிருந்து வந்து தங்கியிருந்தார். பிரேக் தேய்ந்து பறக்கும் தூள் எந்த வளைவில் கிளம்பி, எந்தக் காற்றில் ஏறி, எத்தனை தூரத்தில் போய் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஒரு கணக்கை அவர் கட்டிக்கொண்டிருந்தார். வாஸ்லின் களிம்பு தடவிய தகடுகளை வளைவுக்கு வளைவு வைப்பதும் மறுநாள் எடுத்துவருவதும் செவ்வந்தியின் கூலி வேலை. ரோட்டுத் தூள் எட்டாத இடம் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு தகட்டை அவள் வீட்டுக்குள்ளேயே வைக்கச் சொன்னார்.

"இன்னாடி, கண்ணாடிக்கு நெய் தடவி வெச்சிக்கினு கீற? அப்பளமா காயப்போடுற?" என்று பக்கத்து வீட்டு ஜெயம்மாள்கூட சிரித்திருந்தாள்.

சார் வந்து குனிந்து பார்த்தார். "அடுப்புக் கரியா இருக்கும்மா."

சொல்லிவிட்டு, ஏதோ சந்தேகம் வந்து, பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் பிடித்தார். மேலே குவிந்திருந்த தூள் பூனைமுடி மாதிரி சிலிர்த்து எழுந்து நின்றது. காந்தம் போன பக்கமெல்லாம் மெதுவாக நடந்தது.

"கரி இப்படி எழும்பாது. இது பிரேக் தூள்," என்றார். "ஒரு வண்டிகூட ஓடலையே?"

செவ்வந்தி கிட்டப் போய்ப் பார்த்தாள். அந்த நிறம் அவளுக்குப் பழகின நிறம்.

அவள் புருஷன் பச்சமுத்து கள்ளக்குறிச்சி லாரிப் பட்டறையில் பழைய பிரேக் லைனிங்கைப் பெயர்த்து, டிரம்முக்குள் வாயால் ஊதித் தூள் தட்டுகிறவன். சாயங்காலம் இமைமயிர்வரைக்கும் சாம்பல் பூத்து வருவான். வந்தவன் நேராகத் தொட்டிக்குப் போய், பிறகு ஈரத்தலையோடு வாசலில் நின்று குரல் கொடுப்பான்.

"கழுவிக்கினேன் செவ்வந்தி. உள்ள வரட்டா?"

"காதுக்குள்ள கழுவினியாய்யா?"

"காதுல உன் பேச்சுதான் ரொம்பிக் கீது. கழுவினா போயிடுமே."

சித்திரையில் நெஞ்சு அடைத்துச் செத்துப்போனான். கடைசி மாதங்களில் அந்த வீட்டில் கேட்டதெல்லாம் அவன் இருமல்தான். குட்டையாய் இரண்டு. அப்புறம் இரும்பில் இரும்பு உராய்கிற மாதிரி, நீளமாய் ஒன்று.

"எங்க ஜாஸ்தி விழுதோ, அதுக்குப் பக்கத்துலதான் தூள் கெளம்புற எடம் இருக்கும்," என்றார் சார். "என் கணக்குக்கு அதான் அஸ்திவாரம்." வாசலில் ஒன்று, அடுப்போரம் ஒன்று, குழந்தை எழில்மதி படுக்கும் பாயின் தலைமாட்டில் ஒன்று என்று புதுத் தகடுகள் வைத்தார்.

மறுநாள் வாசல் தகட்டில் லேசான படலம். அடுப்போரம் கொஞ்சம் கூட. தலைமாட்டுத் தகட்டில் கண்ணாடியே தெரியவில்லை.

நாலு வயசுக் குழந்தை பட்டப்பகலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சார் அதன் தலைக்கு அடியில் இருந்ததைக் காட்டினார்.

"தலகாணிக்குள்ள என்னம்மா?"

செவ்வந்தியின் கை தானாக வாயைப் பொத்தியது. கருமாதியன்று செத்தவன் துணிமணியை எல்லாம் ஆற்றில் விட்டார்கள். ஒரு காக்கிச் சட்டையை மட்டும் அவள் ஒளித்து வைத்தாள். அப்பா வாசனை இல்லாமல் பிள்ளை தூங்க மாட்டேன் என்றது. துவைத்தால் வாசனை போய்விடும். அதனால் துவைக்காமலே சுருட்டித் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

"அய்யோ," என்றார் சார். அதட்டவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. "உதறாத. நனைச்சு, ஆழமாப் பொதைச்சிடு. வூடு பூரா ஈரத்துணி போட்டுத் தொடை. கெளம்புற எடம் போயிடுச்சுன்னா தூளும் நின்னுடும். அப்புறம் பாப்பாவ ஆஸ்பத்திரியில காட்டலாம்."

ஆற்றங்கரையில் குழி தோண்டினாள். ஈரச் சட்டையை ஒருதரம் முகத்தில் வைத்துக்கொண்டாள். கருமாதியன்று வராத அழுகை அங்கே வந்தது. மண்ணைத் தள்ளி மூடினாள். வீட்டுக்கு வந்து மூலைமுடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள்.

சார் புதுத் தகடுகளை வைத்துவிட்டு மழைக்கு முன்னே மலையேறிப் போனார். அடுத்த நாள் முழுக்க மழை. மத்தியானமே வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. கூரையின் கோரைப்புல்லில் இறங்கிய தண்ணீர் வாசல் மண்ணைக் குழைத்துக்கொண்டிருக்க, நனைந்த சாணியும் அணைந்த அடுப்பும் சேர்ந்து மணக்க, அதற்கெல்லாம் அடியில், மெல்லியதாக, ஒரு காந்தல் வாசனை எழுந்தது.

வாசல் தகட்டைப் பார்த்தாள். சுத்தம்.

அடுப்போரத் தகடு. சுத்தம்.

தலைமாட்டுக்கு வந்தாள்.

கறுப்பு.

தகட்டின் ஒரு ஓரம் மட்டும் கெட்டியாகக் கறுத்திருந்தது. குழந்தையின் முகம் இருந்த பக்கம்.

சார் சொன்னது காதில் ஓடியது. எங்க ஜாஸ்தி விழுதோ. அடுப்போரத் தகட்டை எடுத்து வந்தாள். குழந்தையின் வாயருகே பிடித்தாள்.

மூச்சு வந்தது. கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

ஆவி கலைந்தது. தூள் மட்டும் தங்கியது.

இன்னொரு மூச்சு. இன்னும் கொஞ்சம் தூள்.

குழந்தை தூக்கத்தில் இருமியது. குட்டையாய் இரண்டு. நீளமாய் ஒன்று.

இமைமயிரில் சாம்பல் பூத்திருந்தது. உதடு அசைந்தது. குரல் எழில்மதியுடையதுதான்.

"கழுவிக்கினேன் செவ்வந்தி. உள்ள வரட்டா?"

அவள் ஓடவில்லை. ஐந்து மாதமாக இந்த ஒரு கேள்விக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றவள் அவள். வா என்று சொல்ல நாக்கு புரண்டது. குழந்தையின் விலா எலும்புகள் குழிந்து குழிந்து ஏறின.

"பாப்பாகிட்ட வேணாம்யா," என்றாள். "அது சின்ன நெஞ்சு. தாங்காது. என்னாண்ட வா."

குனிந்தாள். குழந்தையின் வாயில் வாய் வைத்தாள். இழுத்தாள்.

இரும்பு. காந்தல். அவன் வியர்வை. அவன் தலை எண்ணெய். எல்லாம் வந்தது. நெஞ்சு நிறைந்தது. இன்னும் இழுத்தாள். வருவது நிற்கும்வரைக்கும்.

எழில்மதி கண்ணைத் திறந்தது. தெளிந்த கண். சொந்தப் பேச்சு.

"அப்பா வந்துச்சாம்மா?"

வந்துட்டார் கண்ணு என்று சொல்லத்தான் செவ்வந்தி வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

குட்டையாய் இரண்டு. நீளமாய் ஒன்று.

சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. என்கிட்ட வந்துட்டான். பிள்ளையை விட்டுட்டான்.

பாயின் அந்தப் பக்கம், சின்ன நெஞ்சுக்குள்ளிருந்து, அதே இருமல் பதில் சொன்னது.

வெளியே மழை. மலைப்பாதையில் ஒரு வண்டி இல்லை. இருவருக்கும் நடுவில் கிடந்த கண்ணாடியின் மேல், இரண்டு பக்கமிருந்தும், சத்தமில்லாமல் தூள் விழுந்துகொண்டிருந்தது.