நான்கு மணி நேரத் தூரம்

“எப்பம் வெளிய போன மக்ளே?” என்று பக்கத்து வீட்டு முத்தாரம்மாள் கேட்டபோது, கலைச்செல்வி ஆட்டோவிலிருந்து பெட்டியைக்கூட இறக்கியிருக்கவில்லை.

இப்போதுதான் துபாயிலிருந்து வருகிறேன் என்றாள். முத்தாரம்மாள் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள், பிறகு வீட்டைப் பார்த்தாள்.

“நேத்து ரெண்டு மணிக்கே வந்தேல்லா. கஞ்சிய வாங்கிட்டு, அப்பாவ நான் பாத்துக்கிடுதேன், இனி வரண்டாம்னு என்னைய வாசலோட அனுப்பினியே.”

இரண்டு மணி. கலைச்செல்வி வீட்டின் பக்கம் திரும்பினாள்.

நேற்றுக் காலை இங்கே பத்து மணி இருக்கும்போது, தனியாக இருந்த அப்பா ஆறுமுகசாமி கூப்பிட்டிருந்தார். மூச்சை இழுத்து இழுத்து, ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்றார். இதே மாதிரி முன்பு இரண்டு முறை கூப்பிட்டு, இரண்டு முறையும் அவள் அலறியடித்துக்கொண்டு வந்து பார்த்தால், மனிதர் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார். நேற்று அவளுக்கு விடுமுறை, தூக்கம் கலையவில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விமானத்தில் நான்கு மணி நேரம். அது அவருக்கும் மனப்பாடம். “ஏறிட்டேன்ப்பா, நாலு மணி நேரத்துல வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மாலையில் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. இரவெல்லாம் எடுக்கவில்லை. முத்தாரம்மாளிடம் கேட்கலாம் என்றால் நா எழவில்லை. சொன்ன பொய் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகுதான் டிக்கெட் போட்டாள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சாலைக் கடைத்தெருவின் வற்றல் மிளகாய் நெடியும் லாரிகளின் உறுமலும் வாசலோடு நின்றுபோக, உள்ளே மூடிய ஜன்னல்களின் வெக்கையும், திறக்காத தூக்குவாளியில் கஞ்சி புளித்த நாற்றமும், அதற்கும் அடியில் இன்னதென்று சொல்லத் துணியாத இனிப்பான ஒரு வாடையும் தேங்கிக் கிடந்தன. அப்பாவின் அறையில் மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஊடே ஒரு குரல்.

தணிந்த பெண் குரல். குழந்தையைத் தேற்றுவதுபோல் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது.

“வந்துட்டேன்ப்பா. வந்துட்டேன்ல.”

அவளுடைய குரல்.

ஓடிவிடலாம் என்று கால்கள் திரும்பின. ஓடினால் இரண்டாவது முறையும் அவரைக் கைவிட்டதாகும். அறைக் கதவின் பிடியைப் பற்றினாள். தள்ளினாள்.

அப்பா மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. இமையோரம் எறும்புகள். ஒரு கை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீண்டு, ஒருத்தியின் மடியில் கிடந்தது. அவள் அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கலைச்செல்வியின் தோள். கலைச்செல்வியின் பின்னல்.

அது தலை நிமிர்த்தியது. அதே முகம். கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். கண்கள் மூடியிருந்தன.

“சத்தம் போடாத” என்றது. “இப்பந்தான் கண்ணசந்தாரு.”

பிறகு சற்று நகர்ந்து உட்கார்ந்து, அப்பாவின் இன்னொரு கையை எடுத்து, மெல்ல, அவளிடம் நீட்டியது.