முதல் இலைக்காரன்

"ஐயோ... நாக்கு மரத்துப் போச்சே..."

அந்தப் பரதேசி கடைசியாகப் பேசியது அதுதான்.

மூன்றே கவளம் சாப்பிட்டிருந்தார். நாலாவது கவளம் விரலிடுக்கில் நழுவி மடியில் விழுந்தது. அப்படியே பின்னால் சாய்ந்தார்...

சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, ஆடி அமாவாசை. உச்சி வெயில். கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்துச் சாத்தா கோயில். ராஜபாளையம், தளவாய்புரம், வன்னியம்பட்டி என்று நாலா பக்கமும் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனம் நானூறு பேர் அன்னதானப் பந்தலில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நானூறு இலையும் காலி. முதல் இலையில் மட்டும்தான் சோறு.

கோயில் வழக்கம் அது. முதல் இலை ஒரு பரதேசிக்கு. அவர் உண்டு எழுந்த பிறகுதான் மற்ற இலைகளில் சோறு விழும்.

இன்றைக்கு அவர் எழப் போவதில்லை!

பக்கத்திலேயே நின்றிருந்த தர்மகர்த்தா சுந்தரபாண்டியன் குனிந்தார். பரதேசியின் தோளை உலுக்கினார். முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக் கத்தினார்.

"சாமி... சாமி...!"

சுந்தரபாண்டியன் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"போயிட்டாருய்யா... ரத்தம் கக்கிப் போயிட்டாரு. தாடியப் பாருங்க."

பார்த்தார்கள். வெள்ளைத் தாடியில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள்.

"சோத்துல வெஷம்லே! எவளாக்கும் சமைச்சது?"

யார் கேட்டதோ தெரியாது. பசித்த வயிற்றுக்குப் பதில் உடனே வேண்டும். நானூறு பேரின் பார்வையும் அடுப்படிக்குத் திரும்பியது.

அங்கே கையில் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள் இருளம்மாள்.

தாலியறுத்தவள். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கோயிலில் கூலி வாங்காமல் சோறு பொங்குகிறவள். நேற்றுவரை 'தாயி' என்று கும்பிட்ட அதே கைகள் இப்போது அவள் தலைமயிரைப் பிடித்தன.

"நான் ஒண்ணும் செய்யலய்யா... சாத்தா மேல ஆணையா..."

"அடுப்புக்குள்ள தூக்கிப் போடுங்கலே அவள!"

வெறும் பேச்சில்லை. நாலு பேர் தூக்கியே விட்டார்கள். கோட்டை அடுப்பில் நெருப்பு கனன்று கொண்டிருந்தது. இன்னும் பத்தடி... எட்டடி...

ஊதல் சத்தம் காதைக் கிழித்தது!

"எறக்கி விடுங்கலே. அடுப்புல போட்டுட்டா பொறவு நான் யாரைக் கோர்ட்டுல நிறுத்தறது... சாம்பலையா?"

ஏட்டு சேக் முகைதீன். ஸ்ரீவில்லிபுத்தூர் டேசன். திருவிழாக் கூட்டத்தில் சங்கிலி அறுப்பவனைப் பிடிக்க வந்தவர். லத்தியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு அடுப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றார். இருளம்மாளை இறக்கி விட்டார்கள்.

"ஏட்டையா, இவ கொலைகாரி. செத்த நேரம் ஒதுங்கி நில்லுங்க. நாங்க பார்த்துக்கிடுதோம்" என்றான் முன்னால் நின்ற முரடன்.

"நீ பார்க்கதுக்கா சர்க்காரு எனக்குச் சம்பளம் குடுக்கு?" என்றவர் இருளம்மாளிடம் திரும்பினார். "செத்தது யாரும்மா?"

"தெரியாதுய்யா."

"பேரு? ஊரு?"

"மொத இலைக்காரர்ட்ட பேரு கேக்கப்படாது, ஊரு கேக்கப்படாது. வந்தவரு சாமின்னு நெனச்சுச் சோறு போடணும். கேட்டா தானம் பலிக்காதுன்னு இங்க வழக்கம்."

"நல்ல வழக்கம். எனக்குத்தான் ரிப்போர்ட் எழுத வழியில்லை. சரி... இந்தச் சோத்த இவருக்கு முந்தி வேற யாரும் தின்னாவளா?"

இருளம்மாள் யோசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காக்கா தின்னுச்சு. அமாவாசை இல்லையா? அதே சோறு, அதே கொழம்பு, அதே காய்தான். உருண்டை பிடிச்சு மதில்ல வச்சேன்."

எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள்.

ஏழெட்டுக் காக்கைகள். இன்னும் போடுவாளா என்று கழுத்தைச் சாய்த்துக் கரைந்து கொண்டிருந்தன. ஒன்றாவது தள்ளாட வேண்டுமே... ஊஹூம்!

முரடன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"அப்ப, காக்காய்க்கு வைக்காதது ஏதோ இவரு இலையில விழுந்திருக்கு. அது என்னம்மா?" என்றார் ஏட்டு.

இருளம்மாள் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளூர்க்காரி ஆயிற்றே.

"பயப்படாத. சொல்லு."

"நெய்யி."

"யாரு ஊத்துனா?"

"மொத இலைக்கு மட்டுந்தான் நெய்யி. தர்மகர்த்தா வீட்டுலேருந்து வரும். அவியதான் ஊத்தணும்... அவியதான் ஊத்துனாவ. அந்தா, கிண்ணம் இன்னும் அவிய கையிலதான் இருக்கு."

எல்லோரும் தர்மகர்த்தாவைப் பார்த்தார்கள்.

சுந்தரபாண்டியன் துண்டுக்குள்ளிருந்தே சிரித்தார். எரிச்சலான சிரிப்பு.

"ஏட்டு, உமக்கு இந்தக் கோயில் சங்கதி தெரியாது. மொத இலைக்காரர் மிச்சம் வச்ச சோத்த அதே இலையில தின்னு விரதம் முடிக்கறது யாரு? நான். அந்த நெய்யில வெஷம் இருந்தா அது எனக்கு வச்ச வெஷம். என்னையக் கொல்ல எவனோ பார்த்திருக்கான். பாவம், பரதேசி முந்திக்கிட்டாரு."

"ஆமாய்யா, அது வாஸ்தவம்" என்று கூட்டத்தில் நாலைந்து குரல்.

நியாயமான பேச்சுதான். தன் சோற்றில் தானே விஷம் வைக்கிற மடையன் உண்டா?

சேக் முகைதீன் தாடையைச் சொறிந்தார்.

"எம்புட்டு நேரம் விரதம்?"

"நேத்துப் பொழுது சாஞ்சதிலேருந்து. பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. இந்த இலை மிச்சத்தத் தின்னப் பொறவுதான் எதுவும்."

"கஷ்டந்தான். எங்க நோம்புலகூட விடியமுந்தி சாப்பிட்டுக்கிடலாம்."

சொல்லிக்கொண்டே பிணத்தருகே குந்தினார். தாடியிலிருந்த சிவப்புப் பொட்டு ஒன்றைச் சுண்டுவிரலால் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு பரதேசியின் வாயை மெல்லத் திறந்து பார்த்தார்.

"இவரு வாயில ரத்தம் இல்லையே... சோறுதான் இருக்கு."

விரலை மறுபடி முகர்ந்தார்.

"தாடியில இருக்கது ரத்தமில்லய்யா. கிராம்பு வாசம் அடிக்கு. வெத்தல எச்சி! யாரோ மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு கத்துறப்போ தெறிச்சிருக்கு." எழுந்தார். "தர்மகர்த்தா... துண்ட எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க."

சுந்தரபாண்டியன் எடுக்கவில்லை. ஏட்டே லத்தி முனையால் துண்டை விலக்கினார்.

உதடு சிவப்பு. பல்லும் சிவப்பு.

"தண்ணியே படாத பல்லுல வெத்தல எப்படிய்யா பட்டுது?"

சுந்தரபாண்டியன் துண்டை மறுபடி வாய்க்கு இழுத்தார்.

"நான் சொல்லட்டா? இந்த இலை மிச்சத்த இன்னைக்கு நாம தின்னப் போறதில்லன்னு உமக்கு முந்தியே தெரியும். அது தெரிஞ்ச பொறவு விரதம் எதுக்கு? காலையிலேயே போட்டுக்கிட்டீரு. ஏன்யா கொன்னீரு இந்தப் பரதேசிய?"

சுந்தரபாண்டியன் நெய்க் கிண்ணத்தைக் கீழே போட்டார். அவர் முகம் கோணிக்கொண்டது.

"பரதேசியா? யாரு பரதேசி? எங்கண்ணன்லே அவன்... கருத்தப்பாண்டி! பதினெட்டு வருசத்துக்கு முந்தி ஓடிப்போனவன். செத்தான்னு ஊரே சொல்லுச்சு. நான் தர்மகர்த்தா ஆனேன். போன மாசம் கடுதாசி போடுதான்... ஆடி அமாவாசைக்கு வாரேன், மொத இலையில உக்காருவேன்னு. மூத்தவன் வந்துட்டா எனக்கு ஏது பரிவட்டம்? பொணமாத்தான் போகணும்னு முடிவு பண்ணுனேன். நெய்யில வச்சநாபி வேரு வெஷத்தக் கலந்தேன்."

இருளம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். தப்பித்த அழுகை. கூடவே, பிணம் விழுந்த இடத்தில் பொங்கிய அத்தனை சோறும் தீட்டாகிப் போன அழுகை.

அப்போது இரண்டாவது இலையில் யாரோ இருமினார்கள்.

காவி வேட்டி. வெள்ளைத் தாடி. எலும்பும் தோலுமாக ஒரு கிழவர். தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏலே சுந்தரம்... நான்தான்லே கருத்தப்பாண்டி."

சுந்தரபாண்டியன் பின்வாங்கினார். பிணத்தைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார்.

"அப்ப... அப்ப இது யாரு?"

"தெரியாதுலே. ரெண்டு நாளாப் பட்டினின்னாரு. நான் எந்திரிச்சு மொத இலைய அவருக்குக் குடுத்தேன்."

கிழவர் மறுபடி இருமினார். துண்டால் துடைத்தார். அதில் நிஜ ரத்தம்.

"பரிவட்டத்துக்கா வந்தேன்? காசம்டா எனக்கு. ஒரு மாசம் தாங்காதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. சாகுறதுக்குள்ள ஒன் கையால நெய் ஊத்தி ஒருவாய்ச் சோறு திங்கணும்னு ஆசைப்பட்டேன். அம்புட்டுத்தான்."

சுந்தரபாண்டியன் தலையில் அடித்துக்கொண்டார்.

"மொகம் மறந்து போச்சே... ஒரு வார்த்தை பேரக் கேட்டிருப்பேனே ஏட்டையா... கேக்கப்படாதுங்கற வழக்கத்துனால வாய மூடிக்கிட்டேனே..."

சேக் முகைதீன் அவர் மணிக்கட்டில் விலங்கைப் பூட்டினார்.

"விடுங்க, தர்மகர்த்தா. பாளையங்கோட்டை ஜெயில்லயும் சோறு சும்மாதான் போடுதாவ. ஆனா அங்க பேரு, ஊரு, அப்பன் பேரு அம்புட்டும் கேட்டுட்டுத்தான் போடுவாவ."