யாரும் தொடாத தட்டு

அறுவை வார்டுக்குள் அவள் நுழைந்ததுமே தலைமை நர்ஸின் முகம் சுருங்கியது. கிருமியைத் தேடி வருகிறவளுக்கு யார்தான் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்? வார்டில் அவளுக்குப் பெயரே கிருமி டாக்டர்.

அறுவைக்குப் பிறகு புண்ணில் ஏன் சீழ் பிடிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இந்தப் பழைய வார்டில் நன்றாக ஆறிவந்த புண்கள் திடீரென்று பச்சையாகச் சீழ் கோத்தன. சிலர் வீடு திரும்பவே இல்லை. இப்போது அவளுடைய தம்பியே குடல்வாலை எடுத்துவிட்டு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான்.

பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை ஆளுக்கொரு கண்ணாடித் தட்டை நீட்டினாள். உள்ளே கிருமி வளர்வதற்கான கூழ். அதில் கையைப் பதித்து, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தால், கையில் என்ன ஒட்டியிருந்தது என்று மறுநாள் தெரிந்துவிடும். ஒரு தட்டை மட்டும் யாரும் தொடாமல் மூடி ஒட்டிவிடுவது வழக்கம். அது வெறுமையாக இருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம்.

"எங்க கையெல்லாம் பாக்கறீங்க. உங்க கை?" என்றாள் தலைமை நர்ஸ்.

"நான் எந்த நோயாளியையும் தொடறதில்லையே சிஸ்டர்."

சொன்ன கையோடு போய்த் தம்பியின் போர்வையைச் சரிசெய்தாள்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தபோது பழுத்த திராட்சை வாசனை குப்பென்று அடித்தது. புண்ணைப் பச்சையாக்கும் கிருமிக்கு அந்த வாசனைதான். ஆனால் கை பதித்த தட்டுகளில் வழக்கமான வெள்ளைப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

பச்சை, யாரும் தொடாத தட்டில் இருந்தது.

ஒட்டிய நாடா பிரியவில்லை. உள்ளே ஒரு கையின் அச்சு முழுதாக வளர்ந்திருந்தது. சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

தட்டைப் பார்த்ததும் தலைமை நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு முன்னாடி இங்க இருந்த சிஸ்டரோட கை இது," என்றாள் தாழ்ந்த குரலில். "அவங்க சுண்டுவிரல்ல வெட்டுக்காயம் இருந்துச்சு. விரலை மடக்கி மறைச்சுட்டு வேலை பாத்தாங்க. விஷம் ஏறி அதுலயே போயிட்டாங்க."

"சிஸ்டர், நீங்களுமா இப்படி..."

"கட்டு போட்டதும் அது மேல கைய வச்சு அழுத்தி, 'ஆறிடும்'னு சொல்வாங்க. அது அவங்க பழக்கம். இப்பவும் ஒரு சிஸ்டர் வந்து கை வச்சாங்கன்னு நோயாளிங்க சிலர் சொல்றாங்க. சொன்னவங்களுக்குத்தான் சீழ் பிடிக்குது."

அவள் தம்பியிடம் ஓடினாள். நர்ஸிடம் சொல்லிக் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். புண் காய்ந்து சுத்தமாக இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாராவது வந்து கை வச்சாங்களாடா?"

"இல்லக்கா. ஒரு சிஸ்டர் மட்டும் நேத்து உன் பின்னாடியே நடந்துட்டு இருந்தாங்க. நீ தட்டு குடுக்கறப்பல்லாம் உன் கையவே பாத்துட்டு இருந்தாங்க."

அவள் மெல்லத் திரும்பினாள்.

பின்னால் யாருமில்லை.

நேரே ஆய்வறைக்குப் போய்த் தன் கையை ஒரு புதுத் தட்டில் பதித்து, பெட்டிக்குள் வைத்தாள். பிறகு தம்பியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஓர் ஈயைக்கூட அண்டவிடவில்லை. அவன் வலியில் முனகியபோது புதுக் கட்டின்மேல் கைவைத்து இதமாக அழுத்தினாள்.

"ஆறிடும்டா," என்றாள்.

விடிந்ததும் போய்ப் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய தட்டு பச்சையாக இருந்தது. அதில் பதிந்த கையின் சுண்டுவிரல் மடங்கியிருந்தது.

தன் கையை விரித்துப் பார்த்தாள். எல்லா விரல்களும் நேராகத்தான் இருந்தன. தோல் எரிய எரியச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திராட்சை வாசனை போகவில்லை.

அது உள்ளங்கையிலிருந்துதான் வந்தது.

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினாள். தம்பி கட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நேத்து நீ கை வச்ச இடம் மட்டும் சில்லுனு இருக்கு. இன்னும் கைய எடுக்காத மாதிரியே இருக்குக்கா."