அவள் பார்த்திராத வானம்

"கண்ணை என்ன வானத்துலயா வெச்சிருக்கே?"

சைக்கிளோடு புல்லில் சரிந்து கிடந்த போமி கத்தினாள். சூடு ஆறாத, மீன் வடிவ இனிப்பு ரொட்டிகள் ஆற்றங்கரைப் பாதையெங்கும் சிதறிக் கிடந்தன. மணியடித்தும் நகராமல் நின்ற அந்த நெட்டைப் பையன் அப்போதுதான் தலையைத் தாழ்த்தினான்.

"ஆமா... வானத்துலதான்."

என்ன திமிர்! ஆனால்... அந்தக் கண்கள்! வானம் இன்னும் அவற்றிலேயே தங்கியிருந்தது. திட்ட வந்தது மறந்தே போனது.

அவன் ஒரு ரொட்டியை எடுத்து ஊதினான். "தின்னலாமா?"

"மண்ணு ஒட்டினதெல்லாம் உனக்கு. ஒட்டாதது எனக்கு."

நிஜமாகவே கடித்துவிட்டான். போமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவன் பெயர் ஜேஹா, சியோலிலிருந்து வந்தவன். அவன் அப்பா இந்தக் கும் ஆற்றில் கட்டும் பாலத்தில் பொறியாளர். திங்கட்கிழமை முதல் போமியின் வகுப்புதான்.

"பொழுது சாயறப்போ இந்த வாத்தெல்லாம் ஒண்ணா எழும்புமாமே... நீ இந்த ஊர்தானே, பார்த்திருப்பே இல்ல?"

போமி பார்த்ததே இல்லை. குளிர்காலம் வந்தால் சைபீரியாவிலிருந்து கிளுவை வாத்துகள் வந்து ஆற்றை மூடிவிடும். ஆனால் பொழுது சாயும் நேரத்தில் அவள் அம்மாவின் சிப்பி நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவிக்கொண்டிருப்பாள். அங்கே ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவர். அதைப் போய் ஒரு சியோல்காரனிடம் சொல்வதா?

"ஓ... எத்தனையோ தடவை! மதகுகிட்ட போய் நில்லு. அங்கதான் எழும்பும்."

மறுநாள் ஆலங்கட்டி மழையில் மதகடியில் நின்றான் பாவம். அதற்கடுத்த நாள் வகுப்புக்குத் தும்மிக்கொண்டே வந்தான்.

"மதகுல ஒரு கொக்குதான் இருந்துச்சு. நீ பார்த்ததே இல்ல... அப்படித்தானே?"

வகுப்பே சிரித்தது. போமிக்குக் காது மடல்வரை எரிந்தது. "நாலு நாள் இருந்துட்டுப் போற உனக்கு எங்க ஊரைப் பத்தி என்ன தெரியும்?"

அவன் முகம் வாடிப்போனது. அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. பேசாவிட்டால் என்ன? முன் வரிசையில் தெரியும் அவன் பின்னந்தலையைப் பார்த்தே அவளுடைய டிசம்பர் முழுவதும் கழிந்தது.

குளிர்கால விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள் ஆசிரியர் சொன்னார்: ஜேஹாவின் அப்பாவுக்கு இனிமேல் பூசான் நகரத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறார்கள்.

சனிக்கிழமை மாலை... போமியின் கையில் பாதி கழுவிய கிண்ணம் அப்படியே நின்றது. ரப்பர் கையுறையைக் கழற்றினாள்.

"அம்மா... கொஞ்சம் வெளில போயிட்டு வரேன்."

"ஏண்டி, கடை நிறைய ஆளு உக்காந்திருக்கு! எங்க?"

"வாத்து பார்க்க."

அம்மா மாவுக் கையோடு நிமிர்ந்தாள். மகளின் சிவந்த முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"வாத்தா... யாருடி அந்த வாத்து?"

"அம்மா!"

"சரி, சரி. கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டுப் போ. குளுருது."

அவள் நினைத்தபடியே கரைமேட்டில் ஜேஹா தனியாகத்தான் நின்றிருந்தான். அவள் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"நான் பார்த்ததே இல்ல, ஜேஹா. பொய் சொன்னேன். இங்கயே பொறந்துட்டு ஒண்ணுமே பார்க்காதவள்னு சொல்ல... வெக்கமா இருந்துச்சு."

அவன் கோபப்படவில்லை. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தான். "சூரியன் இறங்குது. பேசாம பாரு."

ஆறு அசைந்தது.

இல்லை, ஆற்றின் மேல்தோல் உரிந்து எழுந்தது! கரிய துணியொன்று காற்றில் விரிவதுபோல... சுருண்டது, மடிந்தது, ஒரு மலையாகி நின்றது, மலை கரைந்து புகையானது. பறவைகள்... எத்தனை ஆயிரம், எத்தனை லட்சம்! தலைக்கு மேல் வந்தபோது வானமே மறைந்தது. இறக்கைகளின் இரைச்சல் அருவியாய்க் கொட்டியது. போமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணீர் வழிந்ததைக்கூட அவள் உணரவில்லை. இத்தனை பெரிய ஒன்று தினமும் தன் வீட்டுக்கு அருகிலா! இதைப் பார்த்து இப்படி நடுங்கும் மனசு... இதுவும் இத்தனை நாள் தன்னிடமேயா இருந்தது?

அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் சொல்லியேவிட்டாள்.

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு!"

"என்ன?"

பறவைகள் வயல்களைத் தாண்டி மறைந்தன. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. இப்போது எப்படிச் சொல்வது...? துண்டில் முகத்தைப் பாதி புதைத்துக்கொண்டாள்.

"உன்னை... பிடிச்சிருக்குன்னேன்."

ஜேஹா இப்போது வானத்தைப் பார்க்கவில்லை.

"முதல் தடவையே கேட்டுச்சு," என்றான் மெதுவாக.

"அப்புறம் எதுக்கு என்னன்னு கேட்டே?"

"இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு... எனக்கும் அப்படித்தான், போமி."